கிரேக்கத்திலிருந்து வந்த ஆங்கிலச் சொற்கள்: ஸ்பெல்லிங் எங்கே வழுக்கும்?

கண் மருத்துவத்துக்கான ஆங்கிலச் சொல் ஆஃப்தால்மாலஜி (ophthalmology). பலர் இதில் முதல் எச்சை விழுங்கிவிடுவார்கள். வாய் 'ஆப்தால்' என்றே சொல்லிப் பழகிவிட்டது, கையும் அதன் பின்னாலேயே போகிறது. கிரேக்கத்தில் அந்த இடத்தில் ஃபை, தீட்டா என இரண்டு எழுத்துகள் ஒட்டி நிற்கின்றன. ரோமானியர்கள் ஃபையைப் பி-எச் என்றும் தீட்டாவை டி-எச் என்றும் லத்தீனில் எழுதினார்கள். ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆக, ஆளுக்கு ஒரு எச், மொத்தம் இரண்டு. டிஃப்தீரியாவுக்கும், அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீனுக்கும் இதே கணக்குதான்.

அடுத்த வழுக்கல், ஒய் வருமா ஐ வருமா என்பது. ஹைப்போ என்றால் 'கீழே', அதற்கு ஒய், ஒரே ஒரு பி. ஹிப்போ என்றால் குதிரை, அதற்கு ஐ, இரண்டு பி. நீர்யானை கிரேக்கர்களுக்கு 'ஆற்றுக் குதிரை'. ஹைப்பாதெசிஸில், அதாவது கருதுகோளில், குதிரை கிடையாது. பொருளைப் பிடித்துக்கொண்டால் எழுத்து தானாக வரும்.

ஒலிக்காத எழுத்துகளை உருப்போடுவது வீண் வேலை. அதே எழுத்து வாய்திறக்கும் உறவுச் சொல்லைத் தேடுங்கள். டெரொடாக்டைல் என்ற பழங்காலப் பறக்கும் ஊர்வனவின் பெயரில் தொடக்கத்துப் பி ஊமை, ஹெலிகாப்டரில் அதே பி பேசுகிறது. இரண்டிலும் இருப்பது 'இறக்கை' என்ற வேர். நிமானிக்கில் (நினைவு உத்தி) பேசாத எம், அதன் உறவான அம்னீசியாவில் (மறதி நோய்) பேசும்.

ஆர்-எச்தான் நிஜமான தலைவலி. சொல்லின் தொடக்கத்தில் ஒரு ஆர் போதும்: ரிதம், ருமாட்டிசம். நடுவில் வந்தால் பெரும்பாலும் இரண்டு ஆர், அப்புறம் எச்: டயரியா, ஹெமரேஜ், சிரோசிஸ். பயோரிதம் போன்ற புதிய கூட்டுச் சொற்களில் ஆர் இரட்டிப்பதில்லை. 1999-இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஸ்பெல்லிங் பீ என்ற, சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்லும் மாணவர் போட்டியை முடித்துவைத்த சொல் லாகரியா. ஓயாமல் பேசும் கோளாறு என்று பொருள், வாய்க்கு வந்த பேதி என்றும் சொல்லலாம்! அந்தப் போட்டியில் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று கேட்க அனுமதி உண்டு. 'கிரேக்கம்' என்று பதில் வந்தால் எஃப்பை ஓரங்கட்டிவிட்டுப் பி-எச்சை யோசிக்கலாம்.

டயரியாவில் இன்னொரு குழப்பம்: பிரிட்டிஷ் வழக்கில் ஓ-இ, அமெரிக்க வழக்கில் வெறும் இ. இரண்டும் சரி, ஒரே கட்டுரையில் கலக்காதீர்கள்.

ருசி கண்டவர்கள் செய்யும் தவறும் ஒன்று உண்டு: எல்லாவற்றையும் கிரேக்கமாகப் பார்ப்பது. நெஃப்யூவில் பி-எச் இருந்தாலும் அது பிரெஞ்சு வழியாக வந்த சொல். டார்மிகன் என்ற பனிப்பிரதேசப் பறவையின் பெயர் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியைச் சேர்ந்தது. 17-ஆம் நூற்றாண்டில் அதைக் கிரேக்கச் சொல் என்று நினைத்து முன்னால் ஒரு பி ஒட்டிவிட்டார்கள். இன்று அந்தப் பி இல்லாமல் எழுதினால்தான் தப்பு.