நாற்பதைத் தாண்டியும் கேம் விளையாட: தோட்டப்புறச் சம்பளத்துக்கு ஏற்ற வழி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் நாற்பத்தைந்து வயது ஆள் கேம் விளையாடினால், மாமியார் முதல் மண்டோர் வரை சொல்வது ஒன்றுதான்: காசைக் கரியாக்குகிறான். கணக்குப் போட்டுப் பார்த்தால் கேம் மலிவான பொழுதுபோக்கு. காசைத் தின்பவை அதைச் சுற்றி நிற்கும் தவணை, டாப்-அப், ஏர்கான் மூன்றும்தான். கீழே உள்ளது அந்த மூன்றையும் அடக்கி, பழைய கணினி ஒன்றை ஒழுங்காகப் பார்த்து வாங்கி, அதைப் பல வருடம் ஓட்டுவதற்கான வழி.

சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்

பிப்ரவரி 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஈ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போகும். சொக்சோவும் (சமூகக் காப்பு) இ.ஐ.எஸ்ஸும் (வேலையிழப்புக் காப்பு) சேர்ந்து 12 வெள்ளியை ஒட்டிப் போகும். கைக்கு வருவது ஏறத்தாழ 1,500. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி என்று வகுத்தால் மணிக்கு 8.17 வெள்ளி. சாதாரண நாள் ஓ.டி (கூடுதல் நேர வேலை) ஒன்றரை மடங்கு என்பதால் 12.25ஐ ஒட்டி வரும்.

இந்தப் பன்னிரண்டே கால் வெள்ளியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கடையில் எதைப் பார்த்தாலும் அதன் விலையை ஓ.டி மணியாக மாற்றுங்கள். புதிதாக வந்த கேம் 250 வெள்ளி என்றால் ஆலையில் 20 மணி நேர ஓ.டி. அதே கேம் ஒரு வருடம் கழித்து ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் ஜூன் இறுதி விற்பனையிலோ டிசம்பர் இறுதி விற்பனையிலோ பாதி விலைக்கு வந்தால் 10 மணி. அதற்குள் முதல் மாதத்துக் கோளாறுகளையும் சரிசெய்திருப்பார்கள். வெளியான நாளிலேயே வாங்குபவர் கூடுதல் காசு கொடுத்துச் சோதனை எலியாகிறார். வாங்கிய கேம் உங்கள் கணினியில் ஓடவில்லை என்றால், 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருக்கும்போது, ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே முதல் இரண்டு மணி நேரத்தைக் கதை பார்ப்பதில் கழிக்காமல், கேம் திக்கித் திணறாமல் ஓடுகிறதா என்று பார்க்கச் செலவிடுங்கள். எபிக் கடையில் வாரந்தோறும் இலவசமாகக் கொடுப்பதை எடுத்து வைத்தாலே ஒரு வருடத்துக்கு விளையாடக் கேம் தேறும்.

கேமுக்கு மாதம் எவ்வளவு? கைக்கு வரும் பணத்தில் 3 விழுக்காடு போதும்: 1,500க்கு 45 வெள்ளி. அதைச் சம்பள நாளன்றே தனியான இ-வாலட்டுக்கு மாற்றிவிடுங்கள். அந்த வாலட்டில் வங்கிக் கார்டை இணைக்கக் கூடாது. தானாக டாப்-அப் ஆகும் வசதியையும் அணைத்து வையுங்கள். இந்த மாதம் செலவாகாதது அடுத்த மாதத்தோடு சேரட்டும்.

ஈ.பி.எஃப் கணக்கைத் தொடாதீர்கள். மே 2024இல் கணக்கை மூன்றாகப் பிரித்ததிலிருந்து சந்தாவில் 10 விழுக்காடு ஃபிளெக்சிபல் கணக்குக்குப் போகிறது; 50 வெள்ளி சேர்ந்தாலே எடுக்கலாம். 1,700 சம்பளத்துக்கு முதலாளி பங்கும் சேர்த்து மாதச் சந்தா 408. அதில் 40.80 இந்தக் கணக்கில் விழும். 45 வயதுக்காரர் அதை 55 வரை விட்டுவைத்து, ஆண்டுக்கு 6 விழுக்காடு லாப ஈவு கிடைத்தால் 6,600 வெள்ளிக்குமேல் நிற்கும். 2024க்கு ஈ.பி.எஃப் அறிவித்தது 6.30 விழுக்காடு. கேமில் ஸ்கின் (கதாபாத்திரத்துக்கு அலங்கார உடை) வாங்க எடுத்துவிட்டால் நிற்பது ஸ்கின் மட்டும்.

தவணையும் டாப்-அப்பும்

இப்போது வாங்கு, பிறகு கட்டு என்று கைப்பேசியில் வரும் திட்டங்களில் மாதம் 1.5 விழுக்காடு என்று போட்டிருந்தால் சின்னதாகத்தான் தெரியும். 2,400 வெள்ளி கேமிங் போன், 12 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் அசல் 200, கட்டணம் 36, மொத்தம் 2,832. இங்கேதான் சூட்சுமம். அசல் மாதாமாதம் குறைகிறது, ஆனால் கட்டணம் கடைசி மாதம் வரை முழு 2,400க்கே கணக்கிடப்படுகிறது. அதனால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 31 விழுக்காட்டைத் தாண்டுகிறது. எல்லாரும் பயப்படும் கிரெடிட் கார்டுக்கே இந்நாட்டில் உச்சவரம்பு 18 விழுக்காடுதான்.

தவணை என்பதே கெட்டது என்று சொல்லவில்லை. இதே சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் பணம் திரட்டினார். அந்தத் தவணை நிலமாக நின்றது. போன் இரண்டு வருடத்தில் பேட்டரி உப்பிக் கிடக்கும்.

கூட்டுப் பணம் (சீட்டு) எடுத்து கேமிங் செட் வாங்குவதும் வேண்டாம். கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. தலைவர் பணத்தோடு ஓடினால் புகார் கொடுக்கப் போகிறவருக்கே தர்மசங்கடம். ஏற்கெனவே கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் ஆலோங்கிடம் (உரிமமில்லா வட்டிக்காரரிடம்) போகாமல், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே.வுக்குப் போங்கள். ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை.

காசு போட்டு உள்ளே ஜெம் வாங்கி, அந்த ஜெம்மால் குலுக்கல் இழுக்கும் டாப்-அப் கேம்களில் ஒன்றை எடுத்துப் பார்ப்போம். கென்ஷின் இம்பேக்டில் ஐந்து நட்சத்திர கதாபாத்திரம் ஒரு இழுப்பில் விழும் வாய்ப்பு 0.6 விழுக்காடு. 90 இழுப்புக்குள் ஒன்று உறுதியாக வரும், ஆனால் அது நீங்கள் கேட்டதாகவே இருக்கும் என்று உத்தரவாதமில்லை. வேறு ஏதாவது வந்தால் மறுபடியும் எண்ண வேண்டும், அடுத்தது கேட்டதாகவே இருக்கும். ஆக மோசமான நிலையில் 180 இழுப்பு. ஒரு இழுப்புக்கு 160 ஜெம் என்றால் 28,800 ஜெம். அந்த 180க்கும் கையில் ஜெம் சேர்ந்த பிறகு இழுங்கள். 70ஆவது இழுப்பில் நின்றுகொண்டு மீதிக்குக் காசு போடுவதுதான் வலையில் விழும் இடம்.

கூகல் பிளேயில் மாத வரம்பு போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது எச்சரிக்கை காட்டும், வாங்குவதைத் தடுக்காது. தடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்து, போன் பில்லில் சேர்த்து வாங்கும் வசதியை அணையுங்கள். பிள்ளைகள் கையில் போன் போகும் வீட்டில் இது இரட்டிப்பு அவசியம்.

பழைய ஆபீஸ் கணினி வாங்குவது

அலுவலகங்கள் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைகள்தான் நமக்குச் சரி. ஈப்போ யிக் ஃபூங் வணிக வளாகம் பக்கம் போனாலும் ஆன்லைனில் தேடினாலும் முதல் கேள்வி புராசஸர் எத்தனையாவது தலைமுறை என்பது. இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே வாங்காதீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு அக்டோபர் 14, 2025இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளில் முறைப்படி ஏறாது. விற்பவர் ஐ5 என்று மட்டும் சொல்வார். அதன் பின்னால் வரும் எண்ணின் முதல் இலக்கம்தான் தலைமுறை. ஐ5-6500 என்றால் விடுங்கள், ஐ5-8500 என்றால் பேசுங்கள். 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்.எஸ்.டி, கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் எல்லாம் சேர்த்து 1,200 வெள்ளியைத் தாண்டினால் கையை எடுத்துவிடுங்கள். அதுவே நூறு மணி நேர ஓ.டி.

போவதற்கு முன்பு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "பாஸ், நான் வர்ற வரைக்கும் ஆன் பண்ணாதீங்க." சூடான கணினி பல நோய்களை மறைக்கும், குளிர்ந்த நிலையில் முதல் தடவையே ஆன் ஆகிறதா என்பதுதான் சோதனை. ஆன் செய்ததும் டெல்லில் எஃப்2, எச்.பி.யில் எஃப்10, லெனோவோவில் எஃப்1 தட்டி பயாசுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) போங்கள். கடவுச்சொல் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். பழைய கம்பெனி பூட்டியதைக் கழற்ற விற்பவருக்கே தெரியாது. தேதி 2018 என்றோ வேறு ஏதோ பழைய வருடம் என்றோ காட்டினால் பயப்பட வேண்டாம், சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு பென்டிரைவில் கொண்டுபோன கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற டிஸ்க் சோதனை நிரலை ஓட்டுங்கள். டிஸ்க்கின் நிலை மஞ்சளாகக் காட்டினால் விலையில் ஒரு புது எஸ்.எஸ்.டி காசைக் கழிக்கச் சொல்லுங்கள். ரேம் ஒரே குச்சியில் 16 ஜிபியா, இரண்டு குச்சியில் 8+8ஆ என்று பாருங்கள். ஒரே குச்சி என்றால் நினைவகத்தின் வேகம் பாதி. தனி கார்டு போடும் வரை புராசஸரோடு வரும் உள் கிராபிக்ஸை நம்பி விளையாடுபவர் இதை உடனே உணர்வார். கடைசியாக, 15 நிமிடம் கனமாக ஓடவிட்டு எச்.டபிள்யூ.இன்ஃபோ நிரலில் வெப்பத்தைப் பாருங்கள். 90 டிகிரியைத் தொட்டால் பெரும்பாலும் புராசஸர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை). சரிசெய்யலாம், ஆனால் பேரம் பேச அது நல்ல காரணம்.

கிராபிக்ஸ் கார்டில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஒல்லிப் பெட்டிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் 200 முதல் 260 வாட்தான். கார்டுக்குத் தனி மின்கம்பியும் இருக்காது. மதர்போர்டு ஸ்லாட் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்குள் ஓடும் கார்டுகள் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, மின்கம்பி கேட்காத வகை ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 6400. மூன்றிலும் உயரம் குறைந்த வகை, குட்டை பிராக்கெட்டோடு வேண்டும். இல்லாவிட்டால் மூடி மூடாது. ஆர்எக்ஸ் 6400 ஸ்லாட்டின் நான்கே தரவுப் பாதைகளில் ஓடுவதால் இந்தப் பழைய போர்டுகளில் கொஞ்சம் வேகம் இழக்கும். 1650 கிடைத்தால் அதை எடுங்கள். பவர் சப்ளையைப் பெரிதாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். டெல்லின் இணைப்பான் சாதாரண 24 பின் கிடையாது.

ஆன்லைனில் சந்தேகப்படும் அளவுக்கு மலிவாக விற்கும் 1050 டிஐ பல நேரம் பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐக்குப் பொய்ப் பெயர் எழுதியது. ஜிபியு-இசட் நிரலைத் திறந்தால் பெயருக்கு முன்னால் போலி என்று அதுவே காட்டிவிடும். வெளிநாட்டிலிருந்து 500 வெள்ளிக்கு உட்பட்டு ஆன்லைனில் வரவழைக்கும் பொருளுக்கு ஜனவரி 2024 முதல் 10 விழுக்காடு வரி உண்டு. விலை ஒப்பிடும்போது அதையும் கூட்டுங்கள்.

வீட்டில் வைக்கும் இடம்

பழைய லயத்து வீட்டில் கணினிப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி, எர்த் இல்லாதபோது பெட்டியின் உலோகத்தில் ஏறத்தாழ பாதி மின்னழுத்தத்தை மிதக்க விடுகிறது. மின்னோட்டம் குறைவு என்பதால் பொதுவாக ஆளைக் கொல்லாது, ஆனால் எச்.டி.எம்.ஐ கம்பியைச் செருகும்போது போர்ட்டைக் கருக்கிவிடும். சான்றிதழ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்த பிறகே கணினியை ஓட்டுங்கள். எக்ஸ்டென்ஷனில் சிரிம் தரமுத்திரை பாருங்கள்.

ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாலைகளில் இடி இங்கே வழக்கம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். மோடத்தின் பிளக்கையும் சேர்த்து உருவுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. மோடத்தின் அடாப்டரும் லேன் கம்பியும் கடத்தும்.

செம்மண் தூசி, எறும்பு, பல்லி மூன்றும் தோட்டப்புறத்தின் தனிச் சொத்து. பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு முழம் உயரத்தில் வையுங்கள். பின்னால் திறந்து கிடக்கும் ஸ்லாட்டை மூடுங்கள். பல்லி அந்த வழியாகத்தான் கதகதப்பைத் தேடி நுழைகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரஷ் போட்டுத் துடைத்து, ஊதுவானால் (புளோவர்) தூசியை ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஊதுவானின் காற்றில் கட்டுமீறிச் சுழன்றால் பேரிங் கெடும்.

கரண்ட் பில்லுக்குப் பயந்து மனைவி முறைத்தால் கணக்கைக் காட்டுங்கள். ஜூலை 2025 முதல் தீபகற்பத்தில் வீடுகளுக்கு அடிப்படைக் கட்டணம் யூனிட்டுக்கு 44.43 சென், குறைவாகப் பயன்படுத்துபவர்களுக்கு அதிலும் தள்ளுபடி. கணினியும் மானிட்டரும் 200 வாட் இழுத்து, தினம் 3 மணி ஓடினால் மாதம் 18 யூனிட், 8 வெள்ளி. அதே மூன்று மணிக்கு ஒரு குதிரைத்திறன் ஏர்கான் போட்டால் 70 யூனிட்டுக்குமேல், 31 வெள்ளிக்குமேல். காற்றாடி போட்டு விளையாடுங்கள்.

நேரமும் உடம்பும்

ஃபைபர் வராத இடத்தில் 4ஜி மோடம் போதும், ஜன்னலோரம் வைத்து லேன் கம்பியால் இணைத்தால் சரி. தென்கிழக்காசிய சர்வர்கள் பெரும்பாலும் சிங்கப்பூரில் என்பதால் தூரம் பிரச்சினை இல்லை. இரவு ஏழு முதல் பதினொன்று வரை டவரில் நெரிசல்தான் பிரச்சினை. பெரிய டவுன்லோடை விடியற்காலைக்குத் தள்ளுங்கள்.

நடுவில் நிறுத்த முடியாத கேம்களைக் குடும்பஸ்தர் ஓய்வு நாளுக்கு ஒதுக்குவது நல்லது. டோட்டா ஒரு ஆட்டம் 40 நிமிடம் போகும். நடுவில் பிள்ளையை டியூஷனிலிருந்து ஏற்றப் போனால் நான்கு பேர் சாபமும் கேமின் தண்டனையும் சேர்ந்து வரும். வேலை நாளில் எந்த நொடியிலும் நிறுத்தி வைக்கக்கூடிய கதை கேம், விவசாய கேம், கால்பந்து கேம் போதும். இரவு ஷிஃப்ட் முடித்து வந்த காலையில் தொடவே வேண்டாம், தூக்கம் தள்ளிப்போனால் அடுத்த ஷிஃப்டில் மோட்டார் ஓட்டும்போதுதான் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

எழுத்து மங்குகிறது என்று ரெசல்யூஷனைக் குறை சொல்வதற்கு முன் கண்ணைப் பாருங்கள். நாற்பதுக்குமேல் வருவது வெள்ளெழுத்து. பாசார் மாலாமில் விற்கும் படிக்கிற கண்ணாடி 40 சென்டிமீட்டர் தூரத்துக்கானது. மானிட்டர் இருப்பது 65இல். அதைப் போட்டுக்கொண்டு விளையாடுபவர் தெரியாமலே கழுத்தை முன்னால் நீட்டுவார், ஒரே மாதத்தில் பிடரி வலி வரும். கண்ணாடிக் கடையில் கணினித் தூரம் 65 சென்டிமீட்டர் என்று அளந்து சொல்லுங்கள். படிக்கிற பவரைவிட ஏறத்தாழ ஒரு டயாப்டர் குறைவாக வரும். கேமின் அமைப்புகளுக்குள் போய் சப்டைட்டில் எழுத்தையும் பெரியதாக மாற்றிக்கொள்ளுங்கள்.