வறண்ட ஊர்தானே என்று இருந்துவிடுவது முதல் தவறு

"நம்ம ஊர்ல வெள்ளமா? குடிக்கத் தண்ணி வந்தாலே பெரிசு." காரைக்குடிப் பக்கம் வெள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்படித்தான் சிரிப்பார்கள். தூத்துக்குடிக்காரர்களும் தங்கள் சீமையை வறண்ட சீமை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அந்த மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம்.

நமக்குக் காவிரி மாதிரி பெரிய ஆறு இல்லை. அதனால் இங்கே வெள்ளம் ஆற்றிலிருந்து வருவதைவிட, கண்மாய் உடைந்தோ தெருவில் தேங்கியோ வருவதுதான் அதிகம். செம்புறாங்கல் தரை வேறு. சடசடவென்று அடிக்கும் மழையை முழுக்க உள்ளே வாங்காமல் மேலோடு ஓட விட்டுவிடும். நம் நகரத்தார் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால் இங்கே வந்தவர்கள் என்ற கதை எவ்வளவு தூரம் உண்மையோ, வீட்டைத் தெருவுக்கு மேலே தூக்கித்தான் கட்டினார்கள். ஓட்டில் விழும் மழை வளவுக்குள், அதாவது வீட்டின் நடுமுற்றத்துக்குள் இறங்கி, தூம்பு என்ற வடிகால் துளை வழியாகத் தெருக்கால்வாய்க்கு வந்து, ஊருணியில் போய்ச் சேரும். ஊருணி நிறைந்தால் அடுத்தது கண்மாய். இந்த வழியை எங்கே அடைக்கிறோமோ, அங்கேதான் தண்ணீர் வீட்டுக்குள் நுழைகிறது.

அடைத்தவர்களில் நானும் ஒருவன். எலி வருகிறது என்று ஆச்சி சொல்லிக்கொண்டே இருந்ததால், வளவுத் தூம்பில் பொடிக்கண் கம்பி வலை ஒன்றை வைத்து சிமெண்ட் பூசிவிட்டேன். ஐப்பசி மழை ஒரு இரவு விடாமல் பிடித்துக்கொண்டது. வேப்பிலையும் ஓட்டுச் சில்லும் வலையில் அப்பிக்கொள்ள, விடியும்போது வளவு நிறைந்து பட்டாலைத் திண்ணை ஓரத்தில் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, கடப்பாரையை எடுத்து நீட்டினார். எலிக்கு வலை வேண்டும்தான். ஆனால் விரல் நுழையும் கண் உள்ளதாக, கையால் தூக்கி எடுக்கிற மாதிரி வையுங்கள். புரட்டாசி முடிவதற்குள் ஒரு குடம் தண்ணீரைத் தூம்பில் ஊற்றி, அது தெருவில் எங்கே வருகிறது என்று போய்ப் பாருங்கள். பல வீடுகளில் அது எங்கேயுமே வராது.

தெருவில் இன்னொரு சங்கடம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில், ஒரு காலத்தில் நாலு படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது ஒரு படிதான் மிச்சம். புதிதாகக் கட்டுகிறவர்கள் பக்கத்து வீட்டைப் பார்த்து அடித்தளம் போடுகிறார்கள். சாலையைப் பார்த்துப் போடுங்கள், அதுவும் இன்னும் ஒரு அடி உயரும் என்று வைத்துக்கொண்டு.

மனை வாங்கும்போது நடக்கும் தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மற்றதையெல்லாம் திருத்திவிடலாம், கண்மாயில் தண்ணீர் நிற்கும் உள்வாயில் கட்டிய வீட்டைத் திருத்த முடியாது. சித்திரையில் போய்ப் பார்த்தால் எந்த இடமும் மேடாகத்தான் தெரியும். 'அப்ரூவ்டு மனை' என்ற ஒரு சொல்லோடு நிற்காமல் சர்வே புலப்படத்தை வாங்கி, ஓடையோ கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலோ குறுக்கே போகிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவரிடம், மழைக்குத் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர் சொல்வார். தெருப் பெயரிலேயே ஊருணி இருந்தால் கேட்கக்கூட வேண்டாம்.

கண்மாய் நிறைந்ததும் கலுங்கில் மண்மூட்டை அடுக்கி இன்னும் கொஞ்சம் தேக்கப் பார்ப்பதும் உண்டு. கலுங்கு என்பது மிஞ்சிய தண்ணீரை வெளியே விட்டுக் கரையைக் காப்பாற்ற வைத்த வழி. அதை அடைத்தால் தண்ணீர் கரையை ஏறிக் கடந்து அரித்து உடைக்கும். கரையில் கசிவு கண்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள், அல்லது மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் கூப்பிடுங்கள்.

ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் நாம் கேட்பது ஒன்றுதான்: நாளைக்கு ஸ்கூல் லீவா? பொதுவாக ஆரஞ்சு என்றால் ஒரு நாளில் 12 முதல் 20 செ.மீ. மழை வரை, சிவப்பு என்றால் 20-க்கும் மேல். ஆரஞ்சு வந்த அன்றைக்கே பத்திரம், பட்டா, காப்பீட்டுத் தாள்களை உறையில் போட்டுப் பரணுக்கு ஏற்றுங்கள், இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். தண்ணீர் ப்ளக் பாயிண்டைத் தொடுவதற்கு முன்பே மெயினை அணைத்துவிட வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு அணைக்கப் போகாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

தரைப்பாலத்தில் முழங்காலுக்குக் கீழேதானே ஓடுகிறது என்று பைக்கை விடாதீர்கள். அரையடி வேக நீர் ஆளைத் தள்ளும், ஓரடி சின்னக் காரைத் தூக்கும். முழுகிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் வேண்டாம். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு ஸ்டார்ட்டிலேயே பழுதாகிவிடும், சாதாரணக் காப்பீடு அதற்குக் கொடுக்காமலும் போகலாம்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள் நம் ஊருக்கே உரிய தலைவலி. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள், சாவி யாரிடம் என்பதற்கே மூன்று போன் போட வேண்டும். மழைக்கு முன் ஒருவர் ஓடு பார்த்து, தூம்பு பார்த்து வர ஏற்பாடு செய்யுங்கள். மழை விட்டதும் பின்கட்டு மண்சுவர் ஓரம் யாரையும் நிற்க விடாதீர்கள். ஊறிய சுவர் வெயில் வந்த பிறகும் சாயும்.

கடைசியாகக் கிணறு. வெள்ளத் தண்ணீர் இறங்கிய கிணற்றில் ப்ளீச்சிங் பவுடரைக் கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டு அன்றைக்கே இறைத்துக் குடிக்கிறார்கள். முதலில் கலங்கலை இறைத்துவிடுங்கள். பிறகு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்பது கணக்கு. ஐந்தடி அகலக் கிணற்றில் பதின்மூன்றடித் தண்ணீர் இருந்தால் சுமார் ஏழாயிரம் லிட்டர், அதாவது 18 கிராம் போதும். பவுடரைக் குழைத்து, வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கயிற்றோடு கிணற்றில் இறக்கி மேலும் கீழும் நாலு முறை ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இறைத்து, கொதிக்க வைத்துக் குடிக்கலாம்.