பல்லில் தெரிவதற்கு முன் கிணற்றில் கண்டறிவது: ஃபுளோரைடு சோதனைக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சில ஊர்களின் பள்ளிக்கூட வாசலில் சற்று நேரம் நின்றால், பிள்ளைகளின் முன்பற்களில் குறுக்காக ஓடும் வெண்சுண்ணக் கோடுகளையும் பழுப்புக் கறைகளையும் காணலாம். எவ்வளவு துலக்கினாலும் அவை போகா, ஏனெனில் கறை பல்லின் மேல் படிந்ததன்று, பல்லின் எனாமல் உருவாகும்போதே அதனுள் அமைந்துவிட்டது. ஈறுக்குள் பல் வளர்கிற ஏறக்குறைய எட்டு வயது வரையிலான காலத்தில் குழந்தை குடித்த தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததற்கான பதிவு அது. ஆகவே பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பல் இன்றைய தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பல ஆண்டுகளுக்கு முந்தைய தண்ணீரைப் பற்றியே சொல்கிறது. பல்லைப் பார்த்த பிறகு கிணற்றைச் சோதிக்கும் குடும்பம் ஒரு தலைமுறை தாமதமாகவே சோதிக்கிறது.

ஆராய்ச்சி உலகம் ஃபுளோரோசிஸ் எனப்படும் இந்த நோயைப் பல்லிலிருந்து தொடங்கித் தண்ணீரில்தான் கண்டுபிடித்தது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 1901இல் பழுப்புப் பற்களைக் கவனித்த பல் மருத்துவர் ஃபிரெடெரிக் மெக்கே அதன் காரணத்தைத் தேடிப் பல ஆண்டுகள் அலைந்தார். 1931இல்தான் வேதியியலாளர் சர்ச்சில் தண்ணீரிலிருந்த ஃபுளோரைடே காரணம் என்று காட்டினார். 1937இல் சென்னை கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போன மக்களை ஆராய்ந்து, அதற்கும் குடிநீரிலுள்ள ஃபுளோரைடே காரணம் என்று எழுதினார்கள். அவர்கள் உடலிலிருந்து தண்ணீருக்குச் சென்ற பாதையில் நாம் தலைகீழாக நடக்கலாம். தண்ணீரை முதலில் அளந்துவிட்டால் உடலில் எதையும் தேட வேண்டிய நிலை வராமலே போகக்கூடும். சொந்த ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ ஊர்ப் பொதுக் கிணற்றிலிருந்தோ குடிக்கும் வீடுகளுக்கு அதை எப்படிச் செய்வது என்பதே இனி.

முதலில் விடவேண்டியது நாக்கின் மேலுள்ள நம்பிக்கை. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, குடிநீரில் வரும் அளவில் சுவையும் இல்லை. இன்னும் ஏமாற்றமான செய்தி ஒன்று உண்டு. உப்பு படிந்து பானையின் அடியில் வெள்ளை ஏடு கட்டும் கடினநீரைத்தான் நாம் கெட்ட தண்ணீர் என்கிறோம். ஆனால் தண்ணீரில் கால்சியம் மிகுந்திருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து, சோப்பு நன்றாக நுரைக்கும் மென்மையான தண்ணீரில்தான் ஃபுளோரைடு கரைந்து தங்குகிறது. நைஸ், கிரானைட் போன்ற கடும்பாறைகளிலுள்ள ஃபுளோர்ஸ்பார், அபடைட், கருமைக்கா முதலிய கனிமங்களிலிருந்து அது மெல்ல மெல்லக் கசிகிறது. தண்ணீர் பாறையிடுக்கில் தங்கும் காலம் நீள நீள அளவு கூடும் என்பதால், முந்நூறு அடி வற்றி அறுநூறு அடிக்கு இறக்கிய கிணற்றின் நீர் பழைய கிணற்று நீரைப் போலவே இருக்கும் என்று எண்ணக்கூடாது.

அதே காரணத்தால் பக்கத்து வீட்டுக்காரரின் சோதனை முடிவு உங்கள் கிணற்றுக்குப் பொருந்தாது. நூறடி தள்ளியிருக்கும் இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் வெவ்வேறு பாறைப் பிளவுகளிலிருந்து நீர் பெறலாம். ஒன்று குடிக்க உகந்ததாகவும் மற்றொன்று ஆகாததாகவும் இருப்பது இப்பகுதிகளில் சாதாரணம். ஒவ்வொரு கிணற்றுக்கும் தனித்தனியே மாதிரி எடுக்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை எளிதானதுதான், ஆனால் அலட்சியம் செய்தால் வரும் எண் பயனற்றதாகிவிடும். கண்ணாடிப் புட்டி வேண்டாம், ஏனெனில் ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடியது. சுத்தமான பிளாஸ்டிக் புட்டியே சரி. மேல்நிலைத் தொட்டியிலிருந்து பிடிக்காமல், மோட்டாரை ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியிருந்த நீர் வெளியேறிய பின் கிணற்று வாயிலேயே பிடியுங்கள். அதே நீரால் புட்டியை மூன்று முறை அலசிவிட்டு, ஒரு லிட்டர் அளவு நிரப்பி, மூடியை இறுக்குங்கள். புட்டியின் மேல் கிணற்றின் உரிமையாளர் பெயர், ஆழம், நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். ஒரே நாளில் நாலு வீட்டுப் புட்டிகள் ஆய்வகத்துக்குப் போகும்போது இது எவ்வளவு தேவை என்பது புரியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர் ஆய்வகங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்ட களப் பரிசோதனைப் பெட்டியாலும் பார்க்கலாம். அதில் நீரோடு வேதிக்கரைசலைக் கலந்து, வரும் நிறத்தை அட்டையிலுள்ள நிறங்களோடு ஒப்பிடுவார்கள். ஏகதேசமான அளவை அறிய அது போதும். நிறம் எல்லைக்கு அருகே நின்றால் ஆய்வகத்துக்கே அனுப்புங்கள்.

ஒரு முறை சோதித்தால் போதாது. கோடை உச்சத்தில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் தை மாத வாக்கில் ஒரு முறையும் எடுத்த எண்கள் இரண்டையும் வைத்தே முடிவெடுக்க வேண்டும். மழைக்குப் பின் எடுத்த நல்ல எண்ணை மட்டும் நம்பிக் கோடை முழுவதும் குடித்தவர்கள் உண்டு.

இங்கே டி.டி.எஸ். மீட்டரைப் பற்றி ஒரு சொல். தண்ணீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் விற்பவர்கள் அந்தச் சிறு கருவியை டம்ளரில் விட்டு எண்ணைக் காட்டுவார்கள். அது தண்ணீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளின் மொத்தத்தையே மதிப்பிடுகிறது. லிட்டருக்கு 600 மில்லிகிராம் உப்புள்ள நீரில் 3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறதா இல்லையா என்பதை அதனால் அறியவே முடியாது. ‘டி.டி.எஸ். நன்றாக இருக்கிறது’ என்பதை ஃபுளோரைடு இல்லை என்பதற்கான சான்றாக எவர் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

அறிக்கை கைக்கு வந்ததும் ஃபுளோரைடு என்ற வரியைப் பாருங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் என்றோ பி.பி.எம். என்றோ இருக்கும்; குடிநீரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. இந்தியத் தர நிர்ணயத்தின்படி 1.0 வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 1.5 வரை அனுமதி உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5தான். ஆனால் இந்த எண்ணோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் கருத்து, ஏனெனில் உடலைத் தாக்குவது கிணற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று, வாய்க்குள் எவ்வளவு போகிறது என்பதைப் பொறுத்தது. 1.4 உள்ள நீரை நிழலில் உட்கார்ந்து இரண்டு லிட்டர் குடிப்பவர் ஒரு நாளில் 2.8 மில்லிகிராம் பெறுகிறார். அதே நீரைப் பங்குனி வெயிலில் களையெடுக்கும் பெண் ஐந்து லிட்டர் குடித்தால் 7 மில்லிகிராம் பெறுகிறார். ஒரு நாளைக்கு மொத்தமாக 6 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்ளும்போது எலும்புப் பாதிப்புக்கான அபாயம் கூடுவதாகச் சான்றுகள் சுட்டுவதாகவும், 14 மில்லிகிராமில் அது தெளிவாகவே தெரிவதாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. தாளில் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று வந்த தண்ணீரே உழைப்பவர் ஒருவருக்கு ஆகாததாக இருக்க முடியும். ஆகவே நம் வெயிலில் 1.0 என்பதையே எல்லையாகக் கொள்ளுங்கள்.

கணக்கில் பெரும்பாலோர் விட்டுவிடுவது சமையலை. ஒரு கிலோ அரிசி வேகும்போது ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை நீரை உள்வாங்கும். களி, கூழ், ரசம், குழம்பு எல்லாமே பெரும்பகுதி தண்ணீர்தான். குடிப்பதற்கு மட்டும் நல்ல நீரைக் குடத்தில் வாங்கி வைத்துவிட்டுச் சமையலுக்குப் போர் தண்ணீரையே திறந்துவிடும் வீடுகளில் முழுப் பயன் கிட்டுவதில்லை. புட்டிப்பால் கரைக்கும் தண்ணீரில் இன்னும் கண்டிப்பு வேண்டும். எடை குறைந்த குழந்தைக்கு அதே அளவு ஃபுளோரைடு பல மடங்கு பாரம். குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் அதே கிணற்று நீரைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம், ஏனெனில் தோல் வழியாக அது பொருட்படுத்தும் அளவில் உள்ளே போவதில்லை. மாற்ற வேண்டியது ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் மட்டுமே என்பதை உணர்ந்தால் வேலை பாதியாகிவிடும்.

இனி அகற்றும் வழிகள். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் மிஞ்சிய நீரில் அளவு சற்றுக் கூடவே செய்யும். துணி வடிகட்டி, மெழுகுவத்தி வடிவ வடிகட்டி, புற ஊதா விளக்கு, குளோரின் ஆகியவை கிருமிக்கு எதிரானவை அல்லது கசடுக்கு எதிரானவை. ஃபுளோரைடுக்கு இவற்றால் எதுவும் நேராது. நுண்சவ்வு வழியாக நீரை அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் பெரும்பகுதியை நீக்கும். ஆனால் பல வீட்டு இயந்திரங்களில் சுவைக்காக ஒரு சிறு திருகு உண்டு, டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற பெயரில், சுத்திகரித்த நீரோடு சுத்திகரிக்காத நீரை ஓரளவு திரும்பக் கலந்துவிடும். ஃபுளோரைடுள்ள கிணற்றுக்கு இயந்திரம் பொருத்தும்போது அந்தத் திருகை முற்றாக மூடச் சொல்லுங்கள். பிறகு வெளிவரும் நீரையே ஒரு புட்டியில் பிடித்து மீண்டும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சவ்வு பழுதாகும்போது தண்ணீரின் தோற்றம் மாறாது என்பதால் ஆண்டுக்கு ஒரு முறையாவது இது தேவை.

ஃபுளோரைடைத் தன்மேல் பிடித்துக்கொள்ளும் கிளர்வூட்டிய அலுமினா நிரப்பிய வடிகட்டிகளும் நன்றாக வேலை செய்யும். ஆனால் அலுமினா நிறைந்து போனதும் காரக் கரைசலாலும் அமிலத்தாலும் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்ய ஆளில்லாத ஊரில் அது சில மாதங்களில் வெறும் மணல் பெட்டியாகிவிடும். நாகபுரி தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில், சுண்ணாம்பையும் படிகாரத்தையும் கலந்து கலக்கி, படியவிட்டு, தெளிவை எடுக்கிறார்கள். படிகாரத்தின் அளவு அந்நீரின் ஃபுளோரைடையும் காரத்தன்மையையும் பொறுத்து மாறும். ஆய்வக எண்கள் இல்லாமல் கைப்பிடிக் கணக்கில் போட்டால் ஃபுளோரைடும் முழுதாகப் போகாது, அலுமினியமும் தங்கிவிடும். வீட்டளவில் இதை நான் பரிந்துரைப்பதில்லை.

அகற்றுவதைக் காட்டிலும் மாற்று நீரைத் தேடுவதே மேல். காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம், ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது இதற்காகத்தான். அந்தக் குழாய் வந்த தெருவில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வைத்து, போர் நீரை மற்றவற்றுக்கு ஒதுக்கினால் போதும். தண்ணீர் வராத நாள்களுக்கென்று மூடியுள்ள பாத்திரத்தில் இரண்டு நாள் இருப்பு வைத்திருப்பது, அவசரத்தில் போர் குழாயைத் திறப்பதைத் தடுக்கும்.

குழாய் வராத இடத்துக்கு மழைநீர் உண்டு. அதில் ஃபுளோரைடு அநேகமாக இல்லை. இருபது சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் இரண்டாயிரம் லிட்டர். இழப்பு போக ஆயிரத்து அறுநூறு சேர்ந்தால், நாளொன்றுக்கு 25 லிட்டர் செலவிடும் ஐந்து பேர் குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வரும். தமிழகத்தில் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு பெரும்பாலும் நீரை நிலத்துக்குள் இறக்குவதாகவே அமைந்துவிட்டது. ஃபுளோரைடுப் பாறையுள்ள இடத்தில் கொஞ்சத்தையாவது தொட்டியில் நிறுத்துவதே அறிவு. பருவத்தின் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, கூரையைக் கூட்டிக் கழுவி, தொட்டியை மூடி, குடிப்பதற்கு முன் கொதிக்கவைத்தால் போதும்.

உணவு தண்ணீருக்கு மாற்றாகாது, ஆனால் துணை நிற்கும். குடலில் கால்சியம் இருந்தால் ஃபுளோரைடின் ஒரு பகுதி அதோடு சேர்ந்து வெளியேறும். 1973இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும், ஃபுளோரோசிஸ் பகுதியில் முழங்கால் உள்நோக்கி வளைந்த இளைஞர்களைப் பற்றி எழுதியதிலிருந்து, ஊட்டக்குறைவு இந்நோயின் கடுமையைக் கூட்டும் என்பது தொடர்ந்து பேசப்படுகிறது. நூறு கிராமில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கால்சியம் உள்ள கேழ்வரகு அதே தருமபுரி மண்ணில்தான் விளைகிறது. ரேஷன் அரிசி வந்த பிறகு அது தட்டிலிருந்து குறைந்துபோனது வருத்தத்துக்குரியது. மோர், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் ஆகியவற்றைச் சேர்க்கலாம். கறுப்பு உப்பு, பாக்கு, புகையிலை, மிகுதியான தேநீர் ஆகியவை தம் பங்குக்கு ஃபுளோரைடைச் சேர்ப்பவை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை பற்பசையை விழுங்காதபடி பட்டாணி அளவுக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

பெரியவர்கள் யாருக்காவது கழுத்தும் இடுப்பும் இறுகிவிட்டதாகத் தோன்றினால் மூன்று எளிய அசைவுகளைச் செய்து பார்க்கலாம்: முழங்காலை மடக்காமல் குனிந்து தரையிலுள்ள நாணயத்தை எடுப்பது, மோவாயால் மார்பைத் தொடுவது, இரு கைகளையும் தூக்கிப் பின்னந்தலையில் கோப்பது. முடியாவிட்டால் அது ஃபுளோரோசிஸ்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், மூட்டு இறுகப் பல காரணங்கள் உண்டு. தண்ணீர் அறிக்கையைக் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் முன்கை எக்ஸ்ரேயும் சிறுநீர் ஃபுளோரைடு சோதனையும் எழுதுவார். சிறுநீர் சோதனை அண்மைக்கால உட்கொள்ளலைக் காட்டும் என்பதால், தண்ணீரை மாற்றிச் சில மாதம் கழித்து மீண்டும் செய்யும்போது மாற்றம் உண்மையில் நடந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கிடைத்த எண்ணை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல், நாளோடு சேர்த்து மோட்டார் அறைச் சுவரில் பெயின்டால் எழுதிவையுங்கள். ஊர்ப் பொதுக் கிணறாக இருந்தால் ஊராட்சியிடம் சொல்லி, ‘குடிக்க உகந்தது’ அல்லது ‘குடிக்கவும் சமைக்கவும் ஆகாது’ என்று ஒரு வரி சேர்க்கச் செய்யுங்கள். அடுத்த கோடைச் சோதனையின் எண்ணுக்காகக் கீழே இடம் விட்டு எழுதச் சொல்லுங்கள்.