குடியிருந்தவர் பூட்டிவிட்டுப் போய்விட்டார், வாடகையும் பாக்கி: ஹவுஸ் ஓனர் செய்ய வேண்டியவை

மூன்று மாத வாடகை பாக்கி. போன் சுவிட்ச் ஆஃப். எங்கள் மாடிப் போர்ஷன் கதவில் அவர்களே வாங்கி மாட்டிய பூட்டு. ஜன்னல் இடுக்கில் பார்த்தால் கட்டில், ஃபிரிட்ஜ், கொடியில் காயும் ஒரு பள்ளிச் சட்டை. பக்கத்து வீட்டு மாமா, "உடைங்க சார், உங்க வீடுதானே" என்றார். பூட்டுக்காரருக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் உடைக்கவில்லை.

வாடகை தராததாலோ ஆள் இல்லாததாலோ குடியிருக்கும் உரிமை தானாக முடிந்துவிடாது. சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம் என்கிறது 1963-ம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவு. அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்பது கேள்வியே இல்லை. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. பூட்டை உடைத்த மறுநாள் வந்து "உள்ளே பீரோவில் இருபது பவுன் இருந்தது" என்றால் என்ன செய்வீர்கள்?

கீழே உள்ளது தமிழ்நாட்டில் குடியிருக்கும் வீட்டுக்கு. கடைக்கும் குடோனுக்கும் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. உண்மையிலேயே போய்விட்டார்களா?

ஊரில் சாவு, ஆஸ்பத்திரி, பிரசவம் என்று எதுவும் இருக்கலாம். முதலில் அக்ரிமென்ட்டோடு வாங்கிய ஆதார் நகலை எடுங்கள். அதில் சொந்த ஊர் முகவரி இருக்கலாம். வீடு பார்க்க வந்தபோது கூட வந்தவர், புரோக்கர், வேலை பார்த்த இடம் என்று ஒரு சுற்று விசாரியுங்கள். பிள்ளைகள் பள்ளியில் டி.சி. வாங்கிவிட்டார்களா என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம் ஈ.பி. மீட்டர். இதைவிட நல்ல சாட்சி கிடையாது. மீட்டர் கீழே பொது இடத்தில் இருந்தால் இன்று ஒரு போட்டோ, ஒரு வாரம் கழித்து ஒரு போட்டோ. ஃபிரிட்ஜ் மட்டும் ஓடினால் நாளுக்கு ஒரு யூனிட் அளவில்தான் ஏறும். எங்கள் மீட்டரில் அப்படித்தான் இருந்தது. ஃபேன்கூடச் சுற்றவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் பழைய பில்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் ஃபியூஸைப் பிடுங்காதீர்கள், தண்ணீர் வால்வை மூடாதீர்கள். 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் இதை நேரடியாகத் தடுக்கிறது. பில் கெடு முடிந்தால் இணைப்பு உங்கள் பெயரில்தானே இருக்கிறது, கட்டிவிட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டைத் தொடக் கூடாது என்பதற்கு ஒன்றே ஒன்று விதிவிலக்கு: கேஸ் நாற்றம், துர்நாற்றம், உள்ளே நாய் குரைக்கும் சத்தம், குழாய் உடைந்து கீழே ஒழுகுவது. இவற்றுக்கு நோட்டீஸ் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். 112-க்கு போன் செய்து, போலீசோ தீயணைப்புத் துறையோ வந்த பிறகு அவர்கள் முன்னிலையில் திறங்கள்.

2. நோட்டீஸ்

எந்தெந்த மாதம் எவ்வளவு பாக்கி என்று தனித்தனியாக எழுதி, ஒரு மாத அவகாசம் கொடுத்து, கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றம் போவேன் என்று முடித்துக் கையெழுத்துப் போடுங்கள். திட்ட வேண்டாம், இந்தக் காகிதம் நாளைக்கு நீதிபதி கைக்குப் போகும்.

ஒரு பிரதி வாடகை வீட்டு முகவரிக்கு, ஒன்று சொந்த ஊருக்கு. 2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள் என்பதால், ஸ்பீட் போஸ்ட்டில் பதிவும் டெலிவரிச் சான்றும் வேண்டும் என்று கவுண்டரில் சொல்லுங்கள். ஆளில்லாத வீட்டுக்கு எதற்குத் தபால் என்று தோன்றும். திரும்பி வரத்தான்! "கதவு பூட்டியிருந்தது" என்றோ "வீட்டை விட்டுப் போய்விட்டார்" என்றோ தபால்காரர் எழுதிய குறிப்போடு உறை உங்களிடமே வரும். அதைப் பிரிக்காதீர்கள். நான் முதல் உறையை ஆர்வக்கோளாறில் கிழித்துவிட்டு வக்கீலிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாவது பிரதியைக் கதவில் ஒட்டுங்கள். நேரில் கொடுக்க வழியில்லாதபோது கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-வது பிரிவே சொல்கிறது. இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து, ஒரு போட்டோ. வாட்ஸ்அப்பிலும் அனுப்பி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

3. போலீஸ்

"இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பத்தான் பார்ப்பார்கள். வாடகை பாக்கி என்று ஆரம்பிக்காதீர்கள். "குடியிருந்தவர்களை இத்தனாம் தேதி முதல் காணவில்லை, பொருட்கள் உள்ளே இருக்கின்றன, தகவலுக்காக" என்று மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனு வாங்கியதற்கு ஸ்டேஷனில் தரும் ஒப்புகை) வாங்குங்கள். பின்னால் யாராவது உங்கள் மேல் புகார் கொடுத்தால் அந்த ஒரு தாள் பேசும்.

4. கோர்ட்டுக்கு முன் ஒரு கடிதம்

என்னைக் கேட்டால் முழு முயற்சியையும் இங்கேதான் போட வேண்டும். ஆளைப் பிடித்துவிட்டால் பாக்கியைக் கேட்டுச் சண்டை போடாதீர்கள். ஓடிப்போனவரிடம் பணம் இருந்திருந்தால் ஓடியிருக்கவே மாட்டார். "சாவியைக் கொடுங்க, ஒரு லெட்டர் கொடுங்க, மிச்சத்தை விட்டுடறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

கடிதத்தில் நான்கு விஷயம் போதும்: எந்தத் தேதியில் காலி செய்தார், வீட்டை உங்களிடம் ஒப்படைத்துவிட்டார், அட்வான்ஸ் கணக்கு தீர்ந்தது, உள்ளே இருக்கும் பொருட்களை இன்ன தேதிக்குள் எடுப்பார், எடுக்காவிட்டால் நீங்கள் அப்புறப்படுத்திக்கொள்ளலாம். எங்கள் விஷயத்தில் ஊரிலிருந்த அவருடைய மாமனார் வழியாகத்தான் பேச முடிந்தது. சாவி கூரியரில் வந்தது, கடிதம் கையெழுத்தோடு வந்தது. ஒன்றரை மாத வாடகை எனக்கு நஷ்டம். வருத்தமில்லை.

5. ஆள் சிக்கவே இல்லை என்றால்

வாடகை நீதிமன்றம். 2017-ம் ஆண்டுச் சட்டம் 22.02.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21-வது பிரிவில் இரண்டு மாத வாடகை பாக்கி காலி செய்ய வைக்க ஒரு காரணம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போடாமல் இருப்பதும் தனியாக ஒரு காரணம். சென்னையில் இது சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கும். அக்ரிமென்ட், பிரிக்காத உறை, மீட்டர் போட்டோ, சி.எஸ்.ஆர். எல்லாம் இங்கேதான் வேலைக்கு வரும். உத்தரவு கிடைத்ததும், அதை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்றல் மனு போட்டு, பூட்டை உடைக்க அனுமதியும் சேர்த்துக் கேட்க வேண்டும். அமீனா, அதாவது கோர்ட் ஊழியர், வந்துதான் பூட்டை உடைப்பார், நீங்கள் அல்ல. பாக்கி வாடகைக்கான காலவரம்பு 3 வருடம்.

6. கதவு திறக்கும் நாள்

கடிதத்தோடு திறந்தாலும் தனியாக நுழையாதீர்கள். வெளியாள் இருவர், கதவு திறப்பதிலிருந்து கடைசி அலமாரி வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ. முதலில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டு ஜன்னலைத் திறங்கள். பிறகு அறை அறையாகப் பட்டியல்: "ஸ்டீல் பீரோ 1, பூட்டியது, திறக்கவில்லை" என்கிற மாதிரி. சாட்சிகள் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். ஃபிரிட்ஜில் அழுகியதைத் தவிர எதையும் அன்றைக்கே வீசாதீர்கள்.

ரேஷன் கார்டு, மார்க்‌ஷீட், பாஸ்புக் கிடைத்தால் தனி உறையில் போட்டு ஒட்டி ஊர் முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். மற்றவற்றை மொட்டை மாடி ஷெட்டிலோ ஒரு அறையிலோ கடிதத்தில் சொன்ன கெடு வரை வையுங்கள். எங்கள் ஷெட்டில் கட்டிலும் இரண்டு மூட்டைப் பாத்திரமும் நாற்பது நாள் கிடந்தன. மாமனார் ஒரு குட்டி யானை பிடித்து வந்து ஏற்றிக்கொண்டு, பட்டியலின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கொடியில் காய்ந்த சட்டையைக்கூடப் பட்டியலில் சேர்த்திருந்தேன். அதையும் பார்த்து டிக் அடித்தார்.