விமானப் பொறியாளரின் பழைய குடும்பப் படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானம் தட்டுத்தடுமாறி நடை பழகிய காலத்தில், அதன் எஞ்சினோடும் இறக்கைத் துணியோடும் மல்லுக்கட்டிய ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தாரா? அப்படியானால் அவர் விட்டுப்போன படங்கள் அநேகமாக ஏதோ ஓர் அட்டைப்பெட்டியில் இருக்கும். பட்டறைப் படமும் கல்யாணப் படமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அந்தப் பெட்டியைத் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் பெரிய சேதம் நடந்துவிடுகிறது. கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. ஆசையில் கை முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

எல்லோரும் முதலில் செய்வது வகை பிரிப்பது. விமானப் படங்கள் ஒரு குவியல், குடும்பப் படங்கள் ஒரு குவியல், யாரென்று தெரியாதவை இன்னொரு குவியல். என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய தவறு கிடையாது. தேதி இல்லாத ஒரு விமானப் படத்துக்கு அதே உறையில் இருக்கும் குழந்தைப் படம்தான் சாட்சி. அந்தக் குழந்தை பிறந்த ஆண்டு குடும்பத்துக்குத் தெரியும். அதை வைத்து விமானத்தின் ஆண்டை நெருங்கிவிடலாம். இரண்டையும் பிரித்துவிட்டால் இரண்டுமே ஊமையாகிவிடும். ஆகவே எதையும் தொடுமுன் பெட்டி இருக்கும் நிலையிலேயே, அடுக்கடுக்காகச் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த உறையில் எது இருந்தது என்று குறித்துக்கொண்ட பிறகு வெளியே எடுக்கலாம்.

ஆல்பத்துக்கும் இதே விதிதான். கறுப்புத் தாள், அதில் வெள்ளைப் பென்சிலால் இரண்டு சொல், நான்கு மூலைச் செருகல்கள், நடுவில் காலி இடம். படம் எங்கோ விழுந்துவிட்டது, குறிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இப்படியொரு பக்கத்தைப் பார்த்தால் பலர் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். செருகல்களுக்கு இடையே உள்ள நீள அகலத்தை அளந்து, பெட்டியில் உதிரியாகக் கிடக்கும் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூடியிருந்த இடத்தில் தாள் வெளிறாமல் கருமையாகவே இருக்கும். அந்தச் சதுரமும் துணைக்கு வரும். ஒட்டியிருக்கும் படத்தைப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்காக உரிக்கவே கூடாது. பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

அடுத்தது, "சுவாரசியம் இல்லாத" படங்களை ஒதுக்குவது. பட்டறைச் சுவர், வரிசையாக நிற்கும் தொழிலாளிகள், தலைக்கு மேலே ஓடும் தண்டிலிருந்து தோல்வார் இறங்கி வரும் கடைசல் இயந்திரம், இறக்கைத் துணி தைக்கும் பெண்கள். பறக்கும் விமானத்தின் படத்தை அந்தக் காலப் பத்திரிகைக்காரர்களும் அஞ்சலட்டை விற்றவர்களும் எடுத்துத் தள்ளிவிட்டார்கள். பட்டறைக்குள் நடந்ததை அங்கே வேலை செய்தவர்கள்தான் எடுத்திருப்பார்கள். 1903-இல் ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு நான்கு சிலிண்டர், சுமார் 12 குதிரைத்திறன் எஞ்சினை ஆறே வாரத்தில் செய்து கொடுத்தவர் சார்லி டெய்லர் என்ற மெக்கானிக். ரைட் சகோதரர்களைத் தெரிந்த எல்லோருக்கும் அவரைத் தெரியாது. உங்கள் பெட்டியில் எண்ணெய்க் கறையோடு நிற்கும் பெயர் தெரியாத மனிதரும் அப்படி ஒருவராக இருக்கலாம்.

படம் சொல்லாததைப் படத்தின் மேல் ஏற்றுவது

தோல் கோட்டும் கண்ணாடியும் அணிந்து விமானத்தில் உட்கார்ந்திருந்தால் அவர் விமானி என்று குடும்பம் முடிவு கட்டிவிடுகிறது. மெக்கானிக்கும் விருந்தாளியும்கூட அதே இருக்கையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட காலம் அது. பக்கத்தில் நின்றதாலேயே அந்த விமானத்தை அவர் கட்டினார் என்றும் ஆகாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 1909 ஆகஸ்டில் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் நடந்தது போன்ற விமானப் போட்டிகளின் படங்கள் அஞ்சலட்டைகளாக ஏராளமாக விற்றன. ஆல்பத்தில் ஒட்டியிருப்பதெல்லாம் சொந்தமாக எடுத்தது என்று நினைக்க வேண்டாம். பின்பக்கம் முகவரிக்கோடும் தபால்தலைக் கட்டமும் இருந்தால் அது அஞ்சலட்டைத் தாள். ஆனால் வீட்டுப் படங்களையும் அதே தாளில் அச்சிட்டுக்கொண்டார்கள். ஆகவே முன்பக்கத்தில் படப்பிடிப்பு நிலையத்தின் பெயரோ வரிசை எண்ணோ வெள்ளையாக அச்சாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பின்னால் எழுதியிருப்பதும் வேதவாக்கு அல்ல. பெரும்பாலும் மகளோ பேரனோ ஐம்பது ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுதியது அது. ரைட் சகோதரர்களின் 1903 டிசம்பர் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 14-ஆம் தேதி வில்பர் முயன்று, விமானம் தரையில் மோதி நின்ற படமும் இருக்கிறது. 17-ஆம் தேதி ஆர்வில் பறந்த படமும் இருக்கிறது. ஏறக்குறைய ஒரே இடம், ஒரே இயந்திரம், மூன்றே நாள் இடைவெளி. குறிப்பு இல்லாவிட்டால் தோல்வியை வெற்றி என்று எழுதிவிட எவ்வளவு நேரமாகும்? அந்த 17-ஆம் தேதிப் படத்தை எடுத்தவர் ஜான் டேனியல்ஸ் என்ற கடற்கரை உயிர்காப்பு நிலைய ஊழியர். ஆர்வில் கேமராவைக் குறிபார்த்து வைத்துவிட்டுப் போனார், டேனியல்ஸ் படம் விழச் செய்யும் ரப்பர்க் குமிழை அழுத்தினார். எடுத்தவர் யார் என்பதைத் தனியாகக் கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

எழுத்தை நம்புவதைவிட இயந்திரத்தைப் படிப்பது மேல். ரைட் விமானம் என்றால், விமானி குப்புறப் படுத்திருந்தால் அது ஆரம்பகாலம். நிமிர்ந்து உட்காரும் இருக்கை 1908-இல்தான் வந்தது. உச்சியிலிருந்து விழும் எடையால் விமானத்தை இழுத்துக் கிளப்பிவிடும் எடைக்கோபுரம் பின்னால் தெரிந்தால் அது 1904 செப்டம்பருக்கு முந்தியதாக இருக்க முடியாது. சறுக்குக் கட்டைகளோடு சக்கரமும் இருந்து, விமானத்தை ஏற்றி இறக்கும் முன்புற உயரச்சுக்கான் இல்லாமலிருந்தால் அது 1910-இல் வந்த பி மாடலாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்கும். நாட்டைக் குறிக்கும் பதிவெழுத்துகள் 1919 பாரிஸ் ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவை. பிரிட்டனுக்கு 'ஜி' என்பது போல.

நிறத்தில் ஏமாறுவது இன்னும் சுலபம். அக்கால பிலிமிலும் கண்ணாடித் தகட்டிலும் இருந்த ஒளியுணர் பூச்சுகளில் பெரும்பாலானவை சிவப்பை உணராதவை, நீலத்தை அதிகமாக உணர்பவை. அதனால் படத்தில் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். மஞ்சளும் நாம் எதிர்பார்ப்பதைவிடக் கறுத்துத் தெரியும். முதல் உலகப் போர் விமானங்களின் வட்டச் சின்னத்தை இதை வைத்தே பிரித்தறியலாம். பிரெஞ்சுச் சின்னத்தில் வெளிவளையம் சிவப்பு, ஆகவே அது கருமையாக இருக்கும். பிரிட்டிஷ் சின்னத்தில் வெளிவளையம் நீலம், ஆகவே அது வெளிறி, நடுப்பொட்டு கருமையாக இருக்கும். இது தெரியாமல் "கறுப்பு வண்ணம் பூசிய விமானம்" என்று எழுதி வைத்த குறிப்புகள் எத்தனையோ.

கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டால் இடம் வலம் மாறிவிடும். விமானத்தில் எழுத்து இருந்தால் உடனே தெரியும். இல்லாவிட்டால் கோட்டுப் பொத்தானைப் பாருங்கள்: ஆண்களின் கோட்டில் பொத்தான் அணிந்தவரின் வலப்பக்கம் இருக்கும்.

கையில் இருப்பது என்ன பொருள்?

கண்ணாடித் தகடு, நைட்ரேட் பிலிம், நீல அச்சு, வெள்ளிப்பூச்சுத் தாள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு மூடுவது ஆபத்து. நைட்ரேட் பிலிம் 1950-களின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்தது. தீப்பிடித்தால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. ஓரத்தில் 'சேஃப்டி' என்ற சொல் இல்லாத, மஞ்சள் பாரித்து ஒட்டிக்கொள்ளும், காரமான நெடி வீசும் பிலிமைச் சூடான பரணிலிருந்து உடனே இறக்குங்கள். கொளுத்திப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். குப்பையிலும் போட வேண்டாம்; ஒரு திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். புளித்த வினிகர் வாசனை வந்தால் அது அசிட்டேட் பிலிம். தீ அபாயம் இல்லை, ஆனால் சுருங்கிக்கொண்டே போகும். ஸ்கேன் செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

கண்ணாடித் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் இருப்பது உடையும். நீளமான விளிம்பு கீழே வரும்படி நிறுத்தி வையுங்கள். தரையோடு தரையாகவும் வேண்டாம். 1913-இல் அவர்களின் ஊரான அமெரிக்காவின் டேட்டன் நகரில் வந்த வெள்ளத்தில் ரைட் சகோதரர்களின் தகடுகளே நீரில் மூழ்கின. அந்த முதல் பறத்தலின் தகடு ஓரம் உரிந்த நிலையில் பிழைத்துக்கொண்டது.

பொறியாளர் வீட்டில் நீல நிறப் படங்கள் இருந்தால் வியப்பில்லை. வரைபடம் நகலெடுக்கும் அதே தாளிலேயே நெகட்டிவையும் அச்சிட்டிருப்பார். இங்கே ஒரு நுட்பமான தவறு நடக்கிறது. "அமிலமற்றது" என்று விற்கும் பல உறைகளில் சுண்ணாம்புச் சத்து ஏற்றியிருப்பார்கள். மற்ற படங்களுக்கு அது நல்லது. நீல அச்சின் நிறத்தை அந்தக் காரம் அழித்துவிடும். காரம் ஏற்றாத தாள் என்று கேட்டு வாங்குங்கள். வெளிச்சத்தில் வெளிறியது இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பி வரும், காரத்தால் போனது வராது.

பின்னால் பெயர் எழுத பால்பாயிண்ட் பேனா கூடவே கூடாது. மென்மையான பென்சில், ஓரத்தில், அழுத்தாமல்.

மென்பொருள் அழிக்கும் கம்பிகள்

கையகலத் தொடுஅச்சுப் படத்தை (நெகட்டிவைத் தாளின் மேல் வைத்து அதே அளவில் அச்சிட்டதை) செல்பேசியில் எடுத்து, "பழுது நீக்கு" என்ற பொத்தானை அழுத்துவது இப்போதைய பழக்கம். அந்தக் கால விமானத்தில் இரண்டு இறக்கைகளையும் இழுத்துப் பிடித்திருப்பவை மெல்லிய கம்பிகள். மென்பொருளுக்குக் கம்பியும் கீறலும் ஒன்றுதான், இரண்டையும் துடைத்துவிடும். கம்பி இல்லாத விமானம் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் அது நிற்கக்கூட முடியாத விமானம். முகத்தைத் தெளிவாக்கச் சொன்னால் வேறு யாருடைய மூக்கையோ கொண்டுவந்து வைக்கும். வண்ணம் ஏற்றுவதும் மேலே சொன்ன சிவப்பு நீலக் குழப்பத்தால் பெரும்பாலும் தப்பாகவே முடியும்.

சிறிய படங்களை 1200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), மற்றவற்றை 600 டிபிஐ என்ற அளவில், முன்பக்கமும் பின்பக்கமும், நுணுக்கம் இழக்காத டிஃப் (TIFF) கோப்பாக ஸ்கேன் செய்து அதைத் தொடாமல் வைத்துவிடுங்கள். அழகுபடுத்துவதெல்லாம் நகலில் செய்யலாம், கோப்பின் பெயரிலேயே "திருத்தியது" என்று குறித்து. நெகட்டிவின் அளவிலேயே அச்சான படங்களில் நுணுக்கம் அதிகம். எஞ்சின் மேல் இருக்கும் பெயர்த்தகடுகூடச் சில நேரம் படிக்கக் கிடைக்கும்.

கடைசியாக, அண்ணன் தம்பிகள் அசலைப் பங்கு பிரிப்பது. ஆளுக்குப் பத்துப் படம் என்று பிரித்துக்கொண்டால் அடுத்த தலைமுறையில் தொகுப்பு என்று ஒன்று இருக்காது. ஸ்கேன் எல்லோருக்கும், அசல் ஒரே இடத்தில் என்று முடிவு செய்யுங்கள். அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதென்றால் விமானப் படங்களை மட்டும் பொறுக்கிக் கொடுக்காமல் முழுப் பெட்டியையும் எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். காகிதத்தைக் கொடுப்பதும் பதிப்புரிமையைக் கொடுப்பதும் வேறு வேறு. உரிமை பெரும்பாலும் படம் எடுத்தவருடையது, படத்தில் நிற்பவருடையது அல்ல. கையெழுத்துப் போடும் தாளில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படித்துவிட்டுக் கொடுங்கள்.