போராட்டச் செய்தி வரும்போது சபை செய்ய வேண்டியவை

துக்கமான செய்தி ஒன்று கைப்பேசியில் வந்தவுடன் அதைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்பிவிடுவதும், "இது அரசியல், நமக்கெதற்கு" என்று ஒதுக்கிவிடுவதும் நம் சபைகளில் ஏறக்குறைய ஒரே அளவில் நடக்கின்றன. இரண்டிலுமே பாதிக்கப்பட்டவரின் குரல் நம் காதில் விழுவதில்லை. எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்து கிடக்கிற செய்தியைக் கேட்ட வேதாகமத்து நெகேமியா உட்கார்ந்து அழுதார், உபவாசித்து ஜெபித்தார். கிஸ்லேவு மாதத்தில் கேட்ட செய்தியைக் குறித்து, ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து, நிசான் மாதத்தில்தான் பாரசீக ராஜாவிடம் வாய் திறந்தார். ஆகவே செய்தி வந்த அன்றே கருத்துச் சொல்லியாக வேண்டும் என்ற அவசரத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

அடுத்து, அந்த ஊரில் தெரிந்தவர் ஒருவரை அழைத்து, எப்போது, எங்கே, யாருக்கு, என்ன நடந்தது என்று கேளுங்கள். படம் பழையதா என்று பாருங்கள். 1982 மார்ச்சில் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரம் கடலோர ஊர்களுக்குப் பரவியபோது வதந்தி என்ன செய்தது என்பதை வீட்டு மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை, நாம் எழுதாமல் வெறுமனே அனுப்பிவைக்கிற செய்திக்கும் பொருந்தும்.

அதற்குப் பிறகு நேரில் போங்கள். இதுவே எல்லாவற்றிலும் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். கடலுக்குப் போன மீனவர் பலர் திரும்பி வராத ஒக்கிப் புயலுக்குப் பின், 2017 டிசம்பரில், எங்கள் சபையார் சிலர் அரிசி மூட்டைகளோடு தூத்தூர்ப் பக்கம் போயிருந்தோம். முற்றத்தில் கால் நீட்டி அமர்ந்திருந்த ஒரு தாயார் மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அரிசி இருக்கு மக்களே, ஆளைத் தேட யாரு போறா?" என்று கேட்டார். அந்த டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தது ஏன் என்பது எனக்கு அந்த ஒரு கேள்வியில்தான் புரிந்தது. "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று பவுல் எழுதியதைக் கைக்கொள்ள, அவர்கள் எதற்காக அழுகிறார்கள் என்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்நாட்டுச் சபையார் கடற்கரைக்குப் போவதும், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் கத்தோலிக்கப் பங்கு ஆலயத்துக்குப் போவதும் நம் மாவட்டத்தில் இன்னும் அரிதாகவே இருக்கின்றன. சாதியும் சபைப் பிரிவும் சேர்ந்து போட்ட அந்த வேலியை நாம்தான் தாண்ட வேண்டும்.

சபைக்கும் போராட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு, மார்பை மறைத்து மேலாடை உடுத்தும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தை நினைவூட்டுங்கள். நம் பாட்டிமாரின் பாட்டிமார் சந்தையிலும் சாலையிலும் சீலை கிழிக்கப்பட்டும் பின்வாங்காததால்தான் 1859 ஜூலை 26-இல் திருவிதாங்கூர் அரசு மேலாடைக்கு அனுமதி தந்து பிரகடனம் வெளியிட்டது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான். அந்த உரிமையை அனுபவிக்கிற நாம், இன்று வேறொருவர் கேட்கும் நீதியைத் தொந்தரவு என்று சொல்லக் கூடாது.

செயல் என்றால் ஊர்வலம் மட்டுமே என்று எண்ண வேண்டியதில்லை. திங்கட்கிழமை நாகர்கோவிலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபைக்குச் சபையார் போய்த் தீர்மானம் கொண்டுவரலாம். கிள்ளியூர் வட்டத்தில் அணுக் கனிமங்களுக்காக மணல் எடுக்கும் திட்டம் போல நிலத்தையும் கடலையும் தொடுகிற காரியங்களில், திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைத் தேடி வாங்கி, படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு ஆலய முற்றத்தில் வாசித்துக் காட்டுவது பெரிய ஊழியம். கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டிய திட்டமானால், குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். எழுத்து மூலமாகவும் ஆட்சேபம் தரலாம்.

வீதிக்குப் போவதென்று முடிவானால், சாதியையோ மதத்தையோ இழிவுபடுத்தும் முழக்கம் எழுந்தால் நாம் அதில் சேர மாட்டோம் என்பதை ஏற்பாட்டாளர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். காவலுக்கு நிற்கும் காவலரிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் இருப்பார்கள். சபையில் எல்லோரும் ஒரே மனதாக இருக்க மாட்டார்கள். வர விரும்பாதவரை விசுவாசக் குறைவுள்ளவர் என்று பேசாதீர்கள், வருகிறவரைக் கலகக்காரர் என்றும் பேசாதீர்கள்.

தொலைக்காட்சிக் கேமராக்கள் போன பிறகே வழக்கு, வாய்தா, கடன், பிள்ளைகளின் படிப்பு என்று நீண்ட நாள்கள் தொடங்குகின்றன. வீட்டு ஜெபக் குறிப்பேட்டில் அந்தக் குடும்பங்களின் பெயர்களை, அவர்கள் சம்மதத்தோடு, எழுதி வைத்து, மாதம் ஒருமுறை ஒருவராவது அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து வரும்படி முறை வகுத்துக்கொள்ளுங்கள்.