கொம்பிரசரும் நெயில் கன்னும்: வீடு திருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் திருகோணமலைப் பக்கம் சாம்பல்தீவிலிருந்து ஒரு தம்பி கோல் எடுத்தார். தன் வீட்டைத் தானே திருத்திக்கொண்டிருப்பவர். "அண்ணை, கொம்பிரசர் உறுமுது, ஆனா சுத்துதில்லை" என்றார். போய்ப் பார்க்க முதலே காரணம் எனக்கு விளங்கிவிட்டது. பல வருடங்களுக்கு முன் நிலாவெளியில் நான் செய்த அதே பிழை.

கொம்பிரசர் காற்றை அழுத்தித் தாங்கியில் அடைக்கும்; அந்தக் காற்றால் ஆணி அடிப்பது நெயில் கன். கண்ணாடி போடுங்கள், கன்னை ஆட்களுக்கு நேரே பிடிக்காதீர்கள் என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தாங்கியின் அளவைப் பார்த்து வாங்குவது

கடைக்குள் நுழைந்ததும் கண் பெரிய தாங்கியில்தான் நிற்கும். விற்பவரும் "பெரிசா எடுங்கோ, பிறகு கவலைப்பட மாட்டியள்" என்பார். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். ஆணி அடிக்கத் தேவையானது அழுத்தம். காற்று கொஞ்சம் போதும். பெயின்ற் ஸ்பிரே இடைவிடாமல் காற்றுக் குடிக்கும். நெயில் கன் அப்படியல்ல. ஓர் ஆணிக்கு ஒரு மிடறு, அவ்வளவுதான். சீலிங் பீடிங் (ஓரச் சட்டம்), அலுமாரிப் பின்பலகை போன்ற வேலைக்கு 18 கேஜ் (மெல்லிய ஆணி) கன்னும், 5 முதல் 7 பார் அழுத்தமும், 1 குதிரைவலுவில் 24 லீற்றர் தாங்கியும் தாராளம். குதிரைவலுவை விட, 7 பாரில் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் காற்று வெளியே வருகிறது என்று கேளுங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பம்ப் உள்ளே இழுக்கும் அளவு. வெளியே வருவது அதைவிடக் குறைவு.

நான் வாங்கியது 3 குதிரைவலு, 100 லீற்றர். நிலாவெளி வீட்டில் வேலை பின் அறையில், பிளக் முன் விறாந்தையில். அந்தப் பாரத்தை நகர்த்த ஆள் இல்லை, ஆகவே பின் அறையிலேயே வைத்து 30 மீற்றர் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்தேன். இரண்டாம் நாள் மோட்டர் வைண்டிங் கருகி மணத்தது. வேலையும் நின்றது, மோட்டர் கட்டக் காசும் போனது.

கணக்கு எளிது. 1 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் 30 மீற்றர் என்றால் போகவும் வரவும் 60 மீற்றர். தடை ஏறத்தாழ ஒரு ஓம். அந்த மோட்டர் ஓடும்போது 12 அம்பியர் அளவில் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் நாலைந்து மடங்கு. அப்போது 40, 50 வோல்ட் வயரிலேயே கரைந்துவிடும். 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், சுழற்றும் விசை வோல்ட்டின் வர்க்கத்தோடு சேர்ந்து விழுந்து நூற்றுக்கு 40 பங்கு இல்லாமல் போகும். மோட்டர் சுற்றாது, உறுமும், சூடேறும்.

சாம்பல்தீவிலும் இதே கதைதான். நல்ல காலம், அங்கே சூட்டுக்கு வெட்டும் சுவிட்ச் மோட்டரைக் காப்பாற்றியிருந்தது. கொம்பிரசரைக் குசினிப் பிளக்கடிக்குத் தள்ளி, வயருக்குப் பதில் 20 மீற்றர் காற்று ஹோஸைப் பின்னுக்கு இழுத்தோம். ஒரே தட்டில் கிளம்பியது. நீட்ட வேண்டியது ஹோஸை, வயரை அல்ல.

எல்லா மரத்துக்கும் ஒரே கன்

கேஜ் எண் கூடக் கூட ஆணி மெல்லியதாகும். 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர், 15 கேஜ் 1.8. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் நிலைகளும் வளைகளும் முதிரை, பாலை. அந்த வைரத்தில் 18 கேஜ் ஆணி உள்ளே வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும். மரத்தைப் பிடிக்கும் கை, ஆணியின் நீளத்துக்கும் அப்பால் இருக்கட்டும். சரி, முதிரைக்கு என்ன செய்வது? துளையிட்டு ஸ்குரூ போடுங்கள். ஓடாவிமார் வேறு வழி சொல்ல மாட்டார்கள்.

கடற்காற்றில் சாதாரண ஆணி

உப்புவெளியில் ஒரு மாரி போதும், வெள்ளைப் பெயின்றுக்கு மேலால் துருப்பொட்டு எட்டிப் பார்க்கும். ஒரு முழுச் சீலிங்கின் பீடிங்கையும் கழற்றி மறுபடி அடித்திருக்கிறேன். கடலைப் பார்த்த அறைகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஆணி வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் கழற்றும் கூலியைவிடக் குறைவு.

தாங்கிக்குள் தண்ணீர்

காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகித் தாங்கியின் அடியில் தேங்கும். பின்னேரம் வேலை முடிய அடிக்குமிழைத் திறந்து வடியவிடுங்கள், ஒரு நாளும் தவறாமல். உள்ளே துருவேறி மெலிந்த தாங்கி அழுத்தத்தில் வெடிக்கும்.

பி.வி.சி. குழாயில் காற்று

வேண்டவே வேண்டாம். உடைந்தால் சில்லுச் சில்லாகப் பறக்கும்.